லாஸ்ட் தொடரில் எல்லோரும் விபத்திலேயே இறந்துவிட்டார்களா?

கேள்வி இது: "லாஸ்ட் தொடரை இப்போதுதான் பார்த்து முடித்தேன். எல்லோரும் விமான விபத்திலேயே செத்துவிட்டார்கள், தீவு என்பது வெறும் இடைநிலை உலகம் என்கிறார்கள். அப்படியானால் ஆறு சீசனும் வீணா? அது ஒளிபரப்பான காலத்தில் ரசிகர்கள் என்னவெல்லாம் யோசித்தார்கள்?"

லாஸ்ட் என்பது விமான விபத்தில் தப்பி ஒரு மர்மத் தீவில் மாட்டிக்கொண்டவர்களின் கதை. இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிடுங்கள். முடிவு வரை எல்லாவற்றையும் எழுதப்போகிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. தீவில் நடந்ததெல்லாம் உண்மையாகவே நடந்தது. ஆறாவது சீசனில் பக்கவாட்டில் ஓடுகிற அந்த இன்னொரு வாழ்க்கை மட்டும்தான் இறந்த பிறகு வருவது. கடைசியில் நாயகன் ஜாக்கின் அப்பா தேவாலயத்தில் அதைத் தெளிவாகவே சொல்கிறார். எல்லோரும் ஒருநாள் சாகத்தான் வேண்டும், சிலர் உனக்கு முன்னால் போனார்கள், சிலர் உனக்கு வெகுகாலம் பின்னால் போனார்கள் என்கிறார். எல்லோரும் விபத்திலேயே செத்திருந்தால் 'முன்னால், பின்னால்' என்ற பேச்சுக்கே இடமில்லை. தேவாலயத்துக்கு வெளியே ஹர்லியும் பென்னும், ஜாக் போன பிறகு தாங்கள் இருவரும் தீவைக் காத்த காலத்தைப் பற்றிக் கதைக்கிறார்கள். கேட், சோயர், கிளேர் உட்பட ஆறு பேர் விமானத்தில் தப்பிப் போகிறார்கள். இதற்குமேல் என்ன வேண்டும்?

ஆனால் இரண்டாவது கேள்விக்கு இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. நான் அந்தத் தொடரோடு வளர்ந்தவன்.

2004 செப்டம்பர் 22-ஆம் திகதி அமெரிக்காவில் ஏபிசி சேனலில் அது தொடங்கியது. வெள்ளவத்தையில் இருந்த எங்களுக்கு டிவிடி வழியாகத்தான் கிடைத்தது. பம்பலப்பிட்டியில் கொப்பி டிவிடி விற்கும் கடைக்கு டியூஷன் முடிந்து போவோம். ஒரு டிஸ்க்கில் நாலு எபிசோட், சில வேளை கடைசி எபிசோட் பாதியில் நின்றுவிடும். நாங்கள் மூன்று பேர்: நான், தெஹிவளையில் இருந்த ஒரு முஸ்லிம் நண்பன், நுகேகொடையிலிருந்து வரும் ஒரு சிங்கள நண்பன். மூன்று பேருக்கும் மூன்று வீட்டுமொழி. தீவைப் பற்றி வாதாடும்போது மட்டும் எல்லாம் கலந்து ஒரே மொழியாகிவிடும். 'மச்சான்' எல்லோருக்கும் பொதுவாக இருந்தது.

இரண்டாம் சீசனில், 2006 மார்ச்சில் வந்த ஒரு எபிசோடில், விபத்தில் தப்பியவர்களில் ஒருவரான லொக்கின் கால் ஒரு நிலவறையின் இரும்புக் கதவின் கீழே மாட்டிக்கொள்ளும். விளக்கு அணைந்து, ஊதா வெளிச்சம் சில விநாடிகள் எரியும். அந்த விநாடிகளில் கதவு முழுக்க ஒரு வரைபடம் தெரியும். நடுவில் ஒரு கேள்விக்குறி, சுற்றிவர எண்கோண வடிவில் நிலையங்கள், கோடுகள், கிறுக்கல்கள், லத்தீன் வாசகங்கள். நண்பன் வீட்டுக் கொம்பியூட்டரில் அந்த ஃபிரேமை நிறுத்தி, மொனிட்டருக்கு மூக்கை ஒட்டிக்கொண்டு, கணிதக் கொப்பியின் நடு இரட்டைத்தாளைக் கிழித்து வரைந்தோம். திரை மங்கலாக இருந்ததால் ஒரு எழுத்துக்காக ஒரு மணி நேரம் வாதாடினோம். "இங்கே டிராகன்கள் இருக்கின்றன" என்று பழைய காலத்து நிலப்படங்களில் எழுதுவார்களே, அந்த லத்தீன் வாசகம் அதில் இருந்தது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் அதே நேரத்தில் அதே படத்தை வரைந்துகொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரியவந்தது. கொஞ்ச வாரத்திலேயே அந்தக் கேள்விக்குறி இருந்த இடத்தில் ஒரு நிலையம் இருப்பதைத் தொடரே காட்டியது. அன்று எங்களுக்கு வந்த சந்தோஷம் சோதனையில் பாஸாகியும் வந்ததில்லை.

தியரிகளுக்குக் குறைவே இல்லை. தீவில் திரியும் கரும்புகை அரக்கன் நுண்ணிய ரோபோக்களின் கூட்டம் என்றார்கள், தயாரிப்பாளர்கள் மறுத்தார்கள். குகையில் கிடந்த இரண்டு எலும்புக்கூடுகள் விபத்தில் தப்பிய தம்பதியான ரோஸும் பெர்னார்டும்தான் என்று பலர் சத்தியம் செய்தார்கள், அதுவும் தவறிப்போனது. தீவு இடைநிலை உலகம் என்பது முதல் சீசனிலேயே வந்த தியரி. தயாரிப்பாளர்களான டேமன் லிண்டலோஃப், கார்ல்டன் கியூஸ் இருவரும் ஆண்டுக்கணக்கில் இல்லை, இல்லை என்று சொல்லியும் அது சாகவில்லை.

அப்புறம் தொடர் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் அந்த எண்கள்: 4, 8, 15, 16, 23, 42. கூட்டிப் பாருங்கள், 108 வரும். நிலவறையில் பொத்தானை அமுக்க வேண்டியதும் 108 நிமிடத்துக்கு ஒருமுறை. கோயிலில் 108 போற்றி சொல்லி வளர்ந்த எனக்கு அதைக் கூட்டிப் பார்த்த கணத்தில் மயிர்க்கூச்செறிந்தது. தீவில் ஆய்வு நிலையங்களைக் கட்டிய குழுவுக்குத் தர்மா என்ற பெயர், 'நமஸ்தே' என்று சொல்லும் விஞ்ஞானிகள், தர்மச் சக்கரத்தைப் போன்ற எண்கோணச் சின்னம் எல்லாம் சேர்ந்து, எங்கள் மூவருக்கும் இது நம் பக்கத்துக் கதை என்று பட்டது. கர்மா, மறுபிறப்பு என்று சிங்கள நண்பன் ஒரு பக்கம் கட்டுவான், விதியும் சோதனையும் என்று மற்றவன் கட்டுவான். அமெரிக்க ரசிகர்கள் இயற்பியலில் தேடியதை நாங்கள் வீட்டுச் சாமியறையில் தேடினோம். கடைசித் தேவாலயத்தின் கண்ணாடி ஜன்னலில் சிலுவையோடு ஓம், தர்மச் சக்கரம், பிறையும் நட்சத்திரமும் இருந்ததைப் பார்த்தபோது மூவரும் ஒரே நேரத்தில் "பார்த்தியா" என்று கத்தினோம்.

இலங்கைக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. இன்று பலருக்கு அது தெரியாது. 2006 மே முதல் செப்டம்பர் வரை, சீசன்களுக்கு இடையில், லாஸ்ட் எக்ஸ்பீரியன்ஸ் என்று இணையத்தில் ஒரு விளையாட்டு நடத்தினார்கள். ரேச்சல் பிளேக் என்ற கற்பனைப் பெண், தர்மாவுக்குப் பின்னால் இருக்கும் ஹான்சோ நிறுவனத்தை அம்பலப்படுத்துவதாகக் கதை. ஜூலையில் சான் டியாகோவில் நடக்கும் கொமிக்-கொன் என்ற ரசிகர் மாநாட்டின் மேடையில் தயாரிப்பாளர்கள் இருக்கும்போதே, அந்தப் பாத்திரமாக நடித்தவர் கூட்டத்திலிருந்து எழுந்து அவர்களை மடக்கினார். அவள் மறைத்து எடுத்ததாக ஒரு வீடியோ, 70 துண்டுகளாக உடைத்து உலகெங்கும் சிதறவிடப்பட்டது. ரசிகர்கள் குறியீடுகளைக் கண்டுபிடித்துத் துண்டு துண்டாக ஒட்டினார்கள். அதன் பெயரே 'ஸ்ரீலங்கா வீடியோ'.

அதில்தான் எண்களுக்கான விளக்கம் வந்தது. கதைப்படி, கியூபா ஏவுகணை நெருக்கடிக்குப் பிறகு மனித குலம் எப்போது அழியும் என்று கணிக்க உருவாக்கப்பட்ட வலென்செட்டி சமன்பாடு என்று ஒன்று, அதன் மைய எண்கள் இந்த ஆறும். தொடரிலேயே வராத விளக்கம் அது. தொடரில் பிறகு வந்தது வேறு: ஒவ்வொரு எண்ணும் தீவைக் காக்கத் தகுதியான ஒரு ஆளின் எண். லொக் 4, ஜாக் 23, இப்படி. இரண்டில் எது சரி என்று இன்றும் சண்டை பிடிக்கிறார்கள். எனக்கு இரண்டும் பிடிக்கும், ஒன்று மற்றதைக் கெடுப்பதாகத் தோன்றவில்லை.

அந்த வீடியோவில் எங்கள் நாட்டுப் பெயரைக் கண்டபோது முதலில் துள்ளினேன். பிறகு அதில் சொல்லப்படும் திட்டம் விளங்கியது. ஏதோ கிராமத்து மக்கள்மேல் வைரஸ் ஒன்றைப் பரீட்சித்துப் பார்க்கப்போகிறார்கள். தூரத்து நாடு, பெயர் தெரியாத சனம், போனால் போகட்டும். கதையில் அது வில்லனின் திட்டம்தான், எழுதியவர்கள் அதைக் கண்டிக்கத்தான் எழுதினார்கள். ஆனால் அந்த 2006 ஓகஸ்டில்தான், போரினால், யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 வீதி மூடப்பட்டது. பெரியம்மா யாழ்ப்பாணத்தில் இருந்தார். எனக்கு அந்த வீடியோவை இரண்டாம் தடவை பார்க்க முடியவில்லை.

பெரியம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. 2007 கடைசியில் அவர் கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கொழும்பில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகன், எனக்கு அண்ணா, அதற்கு முந்திய வருடம் காலையில் வேலைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. சொந்தக்காரர்கள் மெல்ல மெல்ல, இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையைச் செய்துவிடலாம் என்று கதைக்கத் தொடங்கியிருந்தார்கள். பெரியம்மா சம்மதிக்கவில்லை. இரவில் நித்திரை வராமல் இருப்பவரை, பேச்சுத்துணைக்காகத்தான் என் பக்கத்தில் இருத்தி லாஸ்ட் பார்க்கவைத்தேன். வசனத்துக்கு வசனம் தமிழில் சொல்வேன்.

நாலாவது சீசன் தெரியும்தானே. அதன் இரண்டாவது எபிசோடின் தலைப்புக்கே 'இறந்தது உறுதி' என்றுதான் அர்த்தம். கடலடியில் விமானத்தைக் கண்டுபிடித்தோம், 324 பேரும் போய்விட்டார்கள் என்று உலகத்துக்கு அறிவிக்கிறார்கள். ஆனால் அது யாரோ கொண்டுபோய்ப் போட்ட பொய் விமானம். ஆட்கள் தீவில் உயிரோடு இருக்கிறார்கள். அதே சீசனில், தீவிலிருந்து ஊர் திரும்பிய சன் என்ற பெண், குழந்தையைத் தூக்கிக்கொண்டு கணவன் ஜின்னின் கல்லறைக்குப் போவாள். கல்லில் விபத்து நடந்த திகதி வெட்டியிருக்கும். ரசிகர்கள் அந்தத் திகதியைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் தியரி எழுதினார்கள். நானும் பெரிதாக விளக்கத் தொடங்கினேன். பெரியம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"கல்லு வைச்சால் செத்த மாதிரியே? உடம்பைக் கண்டவையே?"

ஐந்தாம் சீசனில் ஜின் உயிரோடு வந்தான். அந்த எபிசோடைப் பார்த்த இரவு பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் எங்கள் இருவருக்கும் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார்.

கடைசி எபிசோட் 2010 மே 23-இல் வந்தது. வெசாக் வாரம், வீதியெல்லாம் வெளிச்சக் கூடுகள் தொங்கின. நண்பன் இரண்டு இரவு டவுன்லோட் போட்டு எடுத்துக்கொண்டு வந்தான். மூங்கில் காட்டில் ஜாக் விழுகிறான், நாய் வந்து பக்கத்தில் படுக்கிறது, மேலே விமானம் போகிறது, கண் மூடுகிறது. ஆறு வருடத்துக்கு முன் தொடரின் முதல் காட்சியில் திறந்த அதே கண்.

அதன் பிறகுதான் குழப்பம் தொடங்கியது. எழுத்துகள் ஓடும்போது கடற்கரையில் விமானச் சிதைவுகள் கிடக்கும் காட்சிகள் வந்தன. ஒரு மனிதர் இல்லை, இசை இல்லை. "அப்ப எல்லாரும் அண்டைக்கே செத்திட்டினம் மச்சான்" என்றான் நண்பன். அமெரிக்காவிலும் லட்சக்கணக்கானவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஏபிசி விளக்கம் கொடுத்தது: அந்தக் காட்சிகள் கதையின் பகுதி அல்ல, எபிசோட் முடிந்து செய்திக்குப் போவதற்கு முன் பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல் இடைவெளி கிடைக்கட்டும் என்று சேனல் தானாகச் சேர்த்தது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் ஆறு வருடமாக மறுத்துவந்த தியரிக்கு ஒரே நிமிடத்தில் சாட்சி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் கேள்விப்பட்டதும் அதன் எதிரொலிதான்.

விளக்கம் வருவதற்கு முன்பே, அன்று இரவே, பெரியம்மா நண்பனுக்குப் பதில் சொல்லிவிட்டார்.

"மேலால பிளேன் ஒண்டு போனதெல்லே தம்பி? அதுக்குள்ள ஆக்கள் இருந்தவைதானே? அவை செத்ததெண்டு ஆர் சொன்னது?"

தொடரில் குறை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வால்ட் என்ற சிறுவனை அவ்வளவு பெரிய மர்மமாக்கிவிட்டு விட்டுவிட்டார்கள். டிவிடியில் வந்த பன்னிரண்டு நிமிட பின்கதையில்தான் பென் அவனைத் தேடிப் போகிறான், எங்கள் கொப்பி டிஸ்க்கில் அது இருக்கவேயில்லை. தீவில் கர்ப்பிணிகள் ஏன் இறந்தார்கள் என்பதற்கு ஒழுங்கான பதில் இல்லை. எனக்குப் பெரிய கோபம் சயீத் விஷயத்தில். லண்டனில் மலையாளிக் குடும்பத்தில் பிறந்த நவீன் ஆண்ட்ரூஸ் நடித்த பாத்திரம். வருடக்கணக்காகக் காதலி நாடியாவைத் தேடி அலைந்தவனைக் கடைசியில், தீவில் பழகிய ஷனனோடு சேர்த்துவைத்தார்கள். பல ரசிகர்கள் இதை இன்றும் மன்னிக்கவில்லை, நானும்தான். காணாமல் போன ஒருத்தியைத் தேடுவதையே வாழ்க்கையாக்கிக்கொண்டவன் அவன். அந்தத் தேடலுக்கு அது நியாயமான முடிவு இல்லை.

சனும் ஜின்னும் நீர்மூழ்கியில் கையைப் பிடித்தபடி இறக்கும் காட்சிக்கும் பெரிய சண்டை நடந்தது. பிள்ளைக்காக ஜின் வெளியே வந்திருக்க வேண்டும் என்று ஒரு கூட்டம், அவளைத் தனியே விட்டுவர அவனால் முடியாது என்று இன்னொரு கூட்டம். நான் எந்தப் பக்கம் என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

பெரியம்மா இப்போதும் எங்களோடுதான் இருக்கிறார். அந்தியேட்டி இன்னும் செய்யவில்லை. புகை அரக்கன், எண்கள் எல்லாம் அவருக்கு மறந்துவிட்டன. சனின் பிள்ளையை மட்டும் மறக்கவில்லை. எப்போதாவது திடீரென்று, "அந்தப் பிள்ளைக்கு இப்ப எத்தினை வயசிருக்கும்?" என்று கேட்பார். கதைக் கணக்குப்படி 2005-இல் பிறந்தவள், இருபது தாண்டியிருக்கும் என்பேன்.

"அம்மம்மாவோடதானே விட்டிட்டு வந்தவள்" என்பார். "அவ வடிவாப் பாத்திருப்பா."