அடைப்பு கரையுமா?

கேள்வி: வயது 48. எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) 162. இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாற்றில் ஆப்பிள் சிடர் வினிகர் விட்டுக் காய்ச்சி, தேன் கலந்து குடித்தால் ரத்தக்குழாய் அடைப்பு கரையும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. குடிக்கலாமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: ரசத்துக்கு ஆகும், அடைப்புக்கு ஆகாது. சிங்க் குழாயில் பிசுக்கு ஒட்டுவதுபோல் கொழுப்பு உள்ளே ஒட்டியிருக்கிறது என்று நினைப்பதால்தான் இந்தக் கஷாயங்கள் ஊரெல்லாம் சுற்றுகின்றன. கொழுப்பு கிடப்பது குழாய்ச் சுவருக்குள்ளே. கழுவி எடுக்க வழியில்லை.

கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் கவையில் ரத்தம் நேராக ஓடாமல் சுழிக்கும். உள்சவ்வு அங்கே கொஞ்சம் தளர்வு. எல்.டி.எல். துகள்கள் நுழைந்து, சவ்வுக்கு அடியிலுள்ள புரத இழைகளில் சிக்கி, ஆக்சிஜனேற்றத்தால் கெட்டுப்போகும். அதைத் தின்ன வரும் வெள்ளையணுக்கள் தின்று தின்று, வெளியேற முடியாமல் நுரைபோல ஊதி அங்கேயே தங்கிவிடும். முதலில் தெரியும் மஞ்சள் கோடு இதுதான். இளம் வயதிலேயே ஆரம்பித்துவிடும்: கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை அறுத்துப் பார்த்த ஆய்வு 1953-ல் வெளியானது. சராசரி வயது 22. முக்கால்வாசிப் பேருக்கு இதயத் தமனியில் கொழுப்புப் படிவின் அடையாளம் இருந்தது.

கோடாக இருக்கும்வரை மறையக்கூடும். முற்றிய படிவு கரைவது சொற்பம். 2006-ல் வெளிவந்த ஆஸ்டிராய்டு என்ற மருந்து ஆய்வில், எல்.டி.எல்.லைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மாத்திரையான ரோசுவாஸ்டாடின் 40 மி.கி. இரண்டு ஆண்டு கொடுத்தார்கள். எல்.டி.எல். 130-லிருந்து 61-க்கு இறங்கியும், தமனியில் படிவின் பங்கு குறைந்தது ஏறக்குறைய 1 சதவீதப் புள்ளிதான். இவ்வளவுதானா என்று சலித்துக்கொள்ள வேண்டாம். உள்ளிருக்கும் கொழுப்புக் கூழ் வற்றி, மேல்மூடி தடித்தால் படிவு எளிதில் வெடிக்காது. பெரும்பாலான மாரடைப்புகள் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால்தான் வருகின்றன.

உங்கள் 162-க்கு முதலில் தைராய்டு, சுகர், பிரஷர் பாருங்கள். தைராய்டு குறைந்தாலே எல்.டி.எல். ஏறும். மாத்திரை வேண்டுமா, எத்தனை மி.கி. என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

கேள்வி: ஸ்டாடின் சாப்பிட்டும் கால்சியம் ஸ்கோர் கூடிவிட்டதே?
– வாசகி, கோவை

பதில்: கூடலாம். இதயத் தமனியில் எவ்வளவு சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று ஸ்கேன் காட்டும் எண் அது. மெத்தென்ற படிவு சுண்ணாம்பேறி இறுகுவதும் அந்த எண்ணை ஏற்றும். மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க அந்த ஸ்கேனை மறுபடி எடுப்பது வீண்செலவு, எல்.டி.எல். பார்த்தால் போதும். ஆரம்பித்தோ அளவை மாற்றியோ 4 முதல் 12 வாரத்துக்குள் பார்க்க வேண்டும். இன்னொன்று: மாத்திரை அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாக இறங்குவது 6 சதவீதம்தான். அதனால்தான் சிலருக்கு அளவைக் கூட்டாமல் எசெடிமைப் என்ற வேறு வகைக் கொழுப்பு மாத்திரையைச் சேர்க்கிறார்கள்.

கேள்வி: எல்.டி.எல். 68-க்கு வந்துவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். 68 என்பது மாத்திரை காட்டும் எண். விட்டால் சில வாரங்களில் பழைய எண்ணுக்கே திரும்பும்.