ஆராய்ச்சிப் பருத்திக்கு நிலம் கேட்டு வந்தால்

கேள்வி: அரூர் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர். ஒருவர் வந்து, "ஆராய்ச்சிப் பருத்தி, களைக்கொல்லி அடித்தாலும் செடி சாகாது. மூன்று ஏக்கரையும் கொடுங்கள், குத்தகை இரண்டு மடங்கு. விளைந்ததை நானே விற்றுக்கொள்கிறேன். அரசு அனுமதி இருக்கிறது" என்கிறார். முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். அவர் பேச்சே அவரைக் காட்டிக்கொடுக்கிறது. களைக்கொல்லிக்குச் சாகாத பருத்தி என்று அவர் சொல்வது மரபணு மாற்றுப் பயிர். அப்படிப்பட்ட பயிரின் முதல் கட்ட வயல் சோதனை ஓரிடத்தில் 1 ஏக்கரைத் தாண்டக் கூடாது, அடுத்த கட்டமும் இரண்டரை ஏக்கர்தான். மூன்று ஏக்கர் எங்கிருந்து வந்தது? சோதனையில் விளைந்ததை விற்கவும் கூடாது. பஞ்சும் கொட்டையும் வெளியே போகாமல் அழித்துவிட வேண்டும். கொட்டையை மாட்டுக்குக்கூடப் போட முடியாது.

களைக்கொல்லியைத் தாங்கும் பருத்தியைப் பயிரிட்டு விற்க இந்தியாவில் அனுமதியே இல்லை. 2002-இல் வந்தது புழுவைத் தாங்கும் பி.டி. பருத்தி. இவர் சொல்வது வேறு. ஆராய்ச்சி என்ற பெயரில் திருட்டு விதையைப் பெருக்கும் ஏஜெண்டாகத்தான் எனக்குத் தெரிகிறது. சிக்கல் வந்தால் அவர் போனை அணைத்துவிடுவார். பட்டா உங்கள் பெயரில் இருக்கிறது. "விதையை நானே வாங்கினேன்" என்று நீங்கள் சொல்வதாக ஒரு வரி அந்தத் தாளில் இருக்கிறதா, பாருங்கள்.

உண்மையான சோதனை என்றால் டெல்லியில் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் அனுமதி வேண்டும், மாநில அரசின் தடையின்மைச் சான்றும் வேண்டும். இரண்டையும் கேளுங்கள். பக்கத்து வயலுக்கு மகரந்தம் போகாமலிருக்க இடைவெளி விட வேண்டும், அறுவடைக்குப் பிறகு தானாக முளைப்பதையும் பிடுங்க வேண்டும்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. விதை கம்பெனிகள் சாதாரண வீரிய ஒட்டு ரகத்துக்கும் மாதிரி வயல் போடுகின்றன. தக்காளிக்குப் பாலக்கோட்டில் போட்டாலும், கத்தரிக்கு வேறெங்கே போட்டாலும் அதற்கு டெல்லி அனுமதி தேவையில்லை. அது மரபணு மாற்றியது அல்ல. அதனால் 'டெமோ' எனும் மாதிரி வயல் என்றாலே பயப்பட வேண்டாம். ஆனால் "வீரிய ஒட்டுதான், மரபணு மாற்றம் இல்லை" என்று கம்பெனி தாளில் எழுதி வாங்குங்கள். ஏஜெண்டு எழுதித் தந்தால் போதாது.

தேவைப்படும் மாவட்டத்தில் இதைக் கவனிக்க ஆட்சியர் தலைமையில் ஒரு குழு இருக்க வேண்டும் என்று மரபணு மாற்றியவை பற்றிய 1989-ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. எத்தனை விவசாயிகளுக்கு இது தெரியும்? அனுமதி விவரமெல்லாம் டெல்லிக் குழுவின் ஆங்கிலக் கூட்டக் குறிப்பில் கிடந்தால் அரூர்க்காரர் எங்கே தேடுவார்? தமிழில் ஒரு துண்டறிக்கை அடித்து ஒட்ட என்ன செலவாகிவிடும்?

சரி, நீங்கள் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் தருமபுரி ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். ஏஜெண்டின் போன் நம்பரையும் அந்தத் தாளின் நகலையும் இணையுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.