வரலாறு கேளுங்கள்: பண்ணையடிமையும் லயத்துக்காரரும்

கேள்வி: ஐயா, ஆறாம் படிவத்தில் வரலாறு படிக்கும் என் மகள், ஐரோப்பாவின் நிலப்பிரபுத்துவம் நம் தோட்ட வாழ்க்கை போலத்தான் என்கிறாள். சரியா? ராஜா எதற்காகத் தன் நிலத்தைப் பிறருக்குக் கொடுத்தார்?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அம்மா, ராஜாவிலிருந்தே தொடங்குகிறேன். குதிரையும் கவசமும் வைத்துப் போரிடும் வீரனுக்குச் சம்பளம் கொடுக்கக் கையில் காசில்லை, நிலம் இருந்தது. அதைக் கொடுத்தார்.

843-இல், மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்ட பேரரசர் சார்லிமேனின் பேரன்கள் மூவர் அவர் பேரரசைப் பங்கு போட்டார்கள். இரண்டே வருஷத்தில் வைக்கிங்குகள் என்ற வடநாட்டுக் கடற்கொள்ளையர் சேன் நதியில் படகேறி வந்து பாரிஸைச் சூறையாடினார்கள். மூவரில் ஒருவரான வழுக்கைத்தலை சார்ல்ஸ் 7,000 பவுண்டு வெள்ளி கொடுத்துத்தான் அவர்களை அனுப்பினார். கொள்ளைக்காரனுக்குக் கப்பம் கட்டும் ராஜாவைக் குடியானவன் எப்படி நம்புவான்? பக்கத்தில் கோட்டை கட்டியிருந்தவனிடம் அடைக்கலம் புகுந்தான். ஆயுளுக்கு மட்டும் என்று கொடுத்த நிலமும் பதவியும் மெல்ல மெல்லப் பரம்பரைச் சொத்தாயின. 877-இல் அதே சார்ல்ஸ் பிறப்பித்த ஆணை அதற்கு வழிவிட்டது.

பாரமெல்லாம், பிரபுவிடம் அப்படி அடைக்கலம் புகுந்து நிலத்தோடு கட்டுண்ட பண்ணையடிமையின் தலையில். வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிரபுவின் வயலில் கூலியில்லாத வேலை. தானியம் அரைக்கப் பிரபுவின் ஆலைக்கே போகவேண்டும். மகளைக் கட்டிக்கொடுக்க அவருக்குப் பணம். தகப்பன் செத்தால் கொட்டிலிலேயே நல்ல மாட்டைப் பிரபுவின் ஆள் ஓட்டிப்போவான்.

நான் நிபோங் திபால் பக்கம் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். மேட்டில் துரை பங்களா, விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு, அதட்டும் கங்காணி. மகளுக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் ஓரிடத்தில் ஒப்புமை அறுந்துபோகிறது. பண்ணையடிமை ஊரைவிட்டுப் போக முடியாது. இருந்தும் ஊர் வழக்கப்படி, மாட்டைக் கொடுத்த பிறகு அவன் உழுத துண்டு மகனுக்கு வந்தது. என் அப்பாவோ எங்கு வேண்டுமானாலும் போகலாம், தடுப்பாரில்லை. 31 வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். 55 வயதில் வேலை முடிந்தது, லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அம்மா வாசலில் நட்ட முருங்கை அப்போது காய்த்துக் குலுங்கியது. லாரி புறப்பட்ட பிறகும் அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது 14 வயது.

மகள் இரண்டையும் ஒப்பிட்டு எழுதட்டும், நல்ல கட்டுரையாக வரும். உங்கள் வீட்டில் லயத்தில் வாழ்ந்த பெரியவர் யாராவது இருந்தால், வெளியேறிய நாளைப் பற்றி அவரிடம் முதலில் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.