ஷோகன் இருக்கும்போது ஹோஜோ எப்படி உத்தரவு போட்டார்கள்?

ஜப்பானில் ஷோகன் (படைத்தலைவராக நாட்டை ஆள்பவர்) இருக்கும்போதே ஹோஜோ குடும்பம் உத்தரவு போட்டது என்ற உங்கள் குறிப்பில் தப்பில்லை. 1219-க்குப் பிறகு ஷோகன் அரசின் இருப்பிடமான காமகுராவை ஆண்டது ஹோஜோ குடும்பம்தான், ஷோகன் பெயருக்குத்தான். அந்த ஆண்டு ஷோகன் சானேதோமோ கொலையானதும் மினமோதோ குடும்பத்தின் ஷோகன் வரிசை அறுந்தது. பேரரசரின் தலைநகரான கியோத்தோவிலிருந்து ஃபுஜிவாரா என்ற பிரபு வீட்டுச் சின்னப் பையன் ஒருவனை ஷோகனாக்க வரவழைத்தார்கள். 1252 முதல் அரச குடும்பத்து இளவரசர்கள். ஷோகன் ஆகிற அளவுக்கு ஹோஜோவுக்குக் குலப்பெருமை கிடையாது, பாவம்!

குழப்பம் 'பதிலாட்சியாளர்' என்ற சொல்லால் வந்திருக்கும். செஷ்ஷோ (பேரரசருக்குப் பதிலாள்), ஷிக்கென் (ஷோகனுக்குப் பதிலாள், ஹோஜோ வகித்த பதவி) இரண்டையும் அப்படியே மொழிபெயர்த்துவிடுகிறார்கள். ஆள் எந்த ஊரில் இருக்கிறார் என்று பாருங்கள்: கியோத்தோ என்றால் பேரரசருக்குப் பதிலாள், காமகுரா என்றால் ஷோகனுக்கு.

1256-க்கு அப்புறம் இதுவும் போதாது. ஹோஜோ தோக்கியோரி ஷிக்கென் பதவியை விட்டார், அதிகாரத்தை விடவில்லை. அதனால் அந்தக் காலத்துக்கு ஹோஜோ குடும்பத் தலைவர் யார் என்று தேடுங்கள்.