பச்சாத்தாபத்தில் பச்சை இல்லை

கேள்வி: சென்ற இதழில், ‘பாசன வாய்க்காலை வளைத்துக்கொண்டவர்கள் பச்சாத்தாபப்பட வேண்டும்’ என்று எழுதியிருந்தீர்கள். வளைத்தவர்கள் யார்மீது இரக்கப்பட வேண்டும்? பச்சைப் பயிர் தண்ணீரின்றித் தவிக்கும் தாபமே பச்சாத்தாபம் என்று எங்கள் ஊர்ப் பட்டிமன்றத்தில் விளக்கினார்களே, அது சரியா?
– வாசகர் ஒருவர், திருவிடைமருதூர்

பதில்: பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்க அந்த விளக்கம் போதும், சொல்லின் வேருக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘பஸ்சாத்’ என்னும் வடசொல்லுக்குப் ‘பின்னர்’ என்றும், ‘தாபம்’ என்பதற்கு வெப்பம், எரிவு என்றும் பொருள். செய்து முடித்த பிறகு செய்தவன் நெஞ்சிலேயே மூளும் எரிவுதான் பச்சாத்தாபம். ‘நிஸ்சயம்’ நிச்சயமானதும் ‘ஆஸ்சர்யம்’ ஆச்சரியமானதும் எந்த வழியிலோ, அதே வழியில் வந்த ‘ச்ச’ இது. பயிரின் பச்சை இதில் இல்லை. கிழக்கு நோக்கி நிற்பவனுக்குப் பின்புறம் மேற்கு என்பதால், மேற்கைக் குறிக்கும் ‘பச்சிமம்’ என்ற சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. உங்கள் ஊர் மகாலிங்கசுவாமி கோயிலின் கீழைவாசலில் பிரமகத்தியை, அதாவது அந்தணனைக் கொன்ற பாவத்தை, விட்டுவிட்டு வரகுண பாண்டியன் மேலைவாசல் வழியே வெளியேறியதாகச் சொல்வார்கள். பச்சாத்தாபமோ, சொல்லின்படி பார்த்தால், அந்த மேலைவாசலில்தான் நிற்க வேண்டும்.

இரக்கம் என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. அகராதியும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டதால் உங்கள் முதற்கேள்வியைப் பிழையென்று தள்ள மாட்டேன். ‘அனுதாபம்’ என்ற சொல்லுக்கு நேர்ந்தது இன்னும் வேடிக்கை. வடமொழியில் அதுவும் செய்ததற்கு வருந்துவதுதான். அந்தப் பொருளில் படித்தால், கும்பகோணம் முதல் மயிலாடுதுறை வரை சுவர்தோறும் ஒட்டப்படும் ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ எல்லாம், இறந்தவருக்கு நாமே ஏதோ செய்துவிட்டதாகக் கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்குமூலங்களாகிவிடும்.

தமிழில் ‘கழிவிரக்கம்’ இருக்கிறதே என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். கழிந்ததை எண்ணி இரங்குவது என்பதே அதன் நேர்ப்பொருள். ‘எற்றென்று இரங்குவ செய்யற்க’ என்று வள்ளுவர் எச்சரிக்கும் இரங்கலும் அதுவே. ஆனால், தன்மீது தானே பரிதாபப்பட்டுக்கொள்வது என்ற பொருளில்தான் இன்று பலரும் அதை எழுதுகிறார்கள். பொக்லைன் வந்து நின்றதும் ‘எங்கள் பிழைப்புப் போயிற்றே’ என்று அழும் ஆக்கிரமிப்பாளர்களிடம் அந்தக் கழிவிரக்கம் வேண்டிய மட்டும் இருப்பதால், கடைமடைக்குப் போக வேண்டிய தண்ணீரை மறித்ததற்காக அவர்களுக்கு வந்திருக்க வேண்டிய எரிவைச் சொல்லப் பச்சாத்தாபத்தைத் தேடிப் போனேன்.