பெஞ்சும் ஆணியும்

கேள்வி: 24 வருடமாக ஐ.டி. சர்வீஸ் கம்பெனிகளில் காலம் தள்ளுகிறேன். நான் சேர்ந்த புதிதில் புராஜெக்ட் இல்லாவிட்டாலும் ஆறு மாதம் பெஞ்சில் உட்கார வைத்துச் சம்பளம் கொடுத்தார்கள். இப்போது பெஞ்சுக்கு வந்து ஒரு மாதம் ஆவதற்குள் எச்.ஆர். கூப்பிடுகிறது. வேலைச் சூழல் ஏன் இப்படி ஆகிவிட்டது? என் மகன் கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுக்கலாமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், சோழிங்கநல்லூர்)

பதில்: பெஞ்ச் என்று எழுதினீர்களே, நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் பெஞ்ச் மேல் ஏறி நின்றால் தண்டனை. ஹைகோர்ட்டில் பெஞ்சில் உட்கார்ந்தால் பதவி. எதிரே இருப்பவர்கள் எழுந்து குனிந்து வணங்குவார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் ஓசிப் பேப்பர். உங்கள் தொழிலில் மட்டும்தான் பெஞ்சே இல்லாமல் பெஞ்சில் உட்காருகிறீர்கள். சுழல் நாற்காலி, ஏ.சி., மெஷின் காபி எல்லாம் உண்டு, பேர் மட்டும் பெஞ்ச்.

இந்தச் சொல்லுக்காக இதே பக்கத்தில் ஒரு போர் நடந்தது பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். 'விசுப்பலகை' என்று எழுதாவிட்டால் சந்தாவை நிறுத்திவிடுவேன் என்று ஒரு தமிழாசிரியர் எட்டு கார்டு போட்டார். 'விசுப்பலகையில் உட்கார்ந்த கடைசி ஆள் நீங்கள்தான்' என்று பதில் எழுதினேன். சந்தா நிற்கவில்லை, ஒன்பதாவது கார்டு வந்தது. இலங்கைத் தமிழர்கள் சண்டை சச்சரவு இல்லாமல் 'வாங்கு' என்கிறார்கள். போர்ச்சுக்கீசியர் விட்டுவிட்டுப் போன சொல். வாங்கில் உட்கார்ந்து சம்பளம் வாங்கு! ஐ.டி.க்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. (தமிழாசிரியர் ஐயா, கார்டு வேண்டாம். தபால் கட்டணத்தை நினைத்துப் பாருங்கள்.)

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2004 வாக்கில் ஒரு கட்டுரைக்காகத் தரமணி டைடல் பார்க் போயிருந்தேன். 2000 ஜூலையில் பிரதமர் வாஜ்பாய் வந்து திறந்து வைத்த கட்டடம். டைடல் என்றால் ஏதோ கடல் அலை சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். டிட்கோ, எல்காட் என்ற இரண்டு தமிழக அரசு நிறுவனங்களை ஒட்டுப்போட்ட பெயராம். காலை 11 மணி. சாப்பாட்டுக் கூடத்தில், கழுத்தில் டையும் அதன்மேல் அடையாள அட்டையுமாக ஒரு பையன் யூனிக்ஸ் என்கிற கம்ப்யூட்டர் சமாச்சாரப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சமோசா தின்றுகொண்டிருந்தான். "வேலை இல்லையா தம்பி?" என்றேன். "பெஞ்ச் சார், நாலாவது மாசம்" என்றான். துளிக் கூச்சமில்லை. ஊரில் இருக்கும் அம்மாவிடம் மட்டும் 'வேலை ரொம்ப ஜாஸ்தி' என்று சொல்லி வைத்திருந்தானாம்.

அவனுக்குச் சம்பளம் கொடுத்த கம்பெனி ஒன்றும் தர்ம சத்திரம் நடத்தவில்லை. முகூர்த்த சீசனில் சமையல் கான்ட்ராக்டர் பத்துப் பேரைக் கூடுதலாகக் கையில் வைத்திருப்பார், கவனித்திருக்கிறீர்களா? திடீரென்று பெண் வீட்டார் 'இருநூறு இலை கூடுதல்' என்பார்கள். அதே கதைதான். அமெரிக்காவிலிருந்து 'திங்கட்கிழமை 30 பேர் வேண்டும்' என்று தகவல் வரும். ஆள் இல்லை என்றால் ஆர்டர் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடும். தலைக்கு மணிக்கு இத்தனை டாலர் என்று பில், சம்பளமோ ரூபாயில். நடுவில் கிடைத்த லாபத்தில் நாலு பேரைச் சும்மா உட்கார வைக்க இடமிருந்தது. பையன் படித்த யூனிக்ஸும் பிறகு பில்லில் ஏறியது.

அதாவது, காத்திருக்கிற செலவு அப்போது முதலாளியுடையது. மாறியது இது ஒன்றுதான் என்பேன். கிளையன்ட்டும் பேரம் பேசக் கற்றுக்கொண்டான், லாபம் மெலிந்தது. நூறு பேரில் எத்தனை பேர் பில் ஆகிறார்கள் என்ற யூடிலைசேஷன் கணக்கு சில கம்பெனிகளில் எழுபது சொச்சத்தில் இருந்தது, இப்போது எண்பதைத் தாண்டி நிற்கிறது. 2025 ஜூனில் டாடாவின் ஐ.டி. கம்பெனியான டி.சி.எஸ். ஒரு விதி போட்டது: வருடத்தில் 225 நாளாவது பில் ஆக வேண்டும், பெஞ்ச் 35 வேலை நாளைத் தாண்டக் கூடாது. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 260 வரும். 52 வாரம், வாரத்துக்கு 5 நாள். கணக்கு எழுதியவர் கெட்டிக்காரர், சிந்தாமல் சிதறாமல் அளந்திருக்கிறார். அடுத்த மாதமே சுமார் 12,000 பேரை அனுப்பப் போவதாகவும் அதே கம்பெனி அறிவித்தது. ஏ.ஐ. வந்துவிட்டது, அதனால்தான் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். பழி போட வாய் பேசாத ஓர் ஆள் கிடைத்தால் யார் விடுவார்கள்? அதுவோ வாய் ஓயாமல் பேசுகிறது, ஆனால் பழியை மறுக்காது.

புதுப் பையன்கள் நிலைமை இன்னும் மோசம். 2022-ல் ஆஃபர் வாங்கியவர்களில் சிலர் சேரும் தேதிக்காக இரண்டு வருடம் வரை காத்திருந்தார்கள். அந்த பெஞ்சை யாரும் ஒழிக்கவில்லை. ஆபீசிலிருந்து தூக்கிவந்து உங்கள் வீட்டுத் திண்ணையில் போட்டுவிட்டார்கள், சம்பளத்தைக் கழற்றிக்கொண்டு. சேர்ந்த பிறகு கிடைப்பதும் வருடத்துக்கு மூன்று, மூன்றரை லட்சம். பத்து வருடத்துக்கு முந்தைய பையனுக்கும் ஏறக்குறைய அதுதான்.

அதற்காக உங்கள் காலத்தைப் பொற்காலம் என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளாதீர்கள். 2001 சரிவிலும் 2008-09 சரிவிலும் இதே பெஞ்சிலிருந்துதான் முதலில் ஆட்களைக் கிளப்பினார்கள். நீங்கள் தப்பித்தவர், ஆகையால் உங்களுக்கு ஆறு மாத சமோசாதான் ஞாபகம் இருக்கிறது.

அந்த யூனிக்ஸ் பையனைப் போன வருடம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். முன் வழுக்கை, மேனேஜர். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, பாயசம் வருவதற்குள் ஒரு தொழில் ரகசியம் சொன்னான். வீட்டிலிருந்து வேலை பார்க்கிற நாளில் கம்ப்யூட்டர் சும்மா இருந்தால், ஆபீஸ் சாட்டில் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். அதனால் பழைய முள் வாட்ச் ஒன்றை மேஜையில் வைத்து, அதன்மேல் மவுஸை உட்கார வைத்துவிடுவானாம். நொடி முள் நகர நகர, மவுஸ் நகர்வதாகக் கம்பெனி நம்பும். "அந்த நேரத்துல என்னப்பா பண்ணுவே?" என்றேன். "வேற என்ன சார், ராத்திரி ஒன்பது மணி கால்-க்கு பிபிடி ரெடி பண்ணுவேன், போன்ல" என்றான். வேலையைத்தான் செய்கிறான், புள்ளிக்காகத் தனியாக ஒரு வாட்சும் ஓடுகிறது!

மகன் விஷயம்: அவனைக் கேட்டீர்களா? கேட்டுவிட்டு எழுதுங்கள்.

வேலைக்கு உங்கள் ஆட்கள் வைத்த பெயர் 'ஆணி'. 'இன்னிக்கு ஆணி அதிகம்' என்பார்கள். ஆணி என்றதும் எங்கள் அலுவலக வாசலில் இருக்கிற பெஞ்ச் ஞாபகம் வந்தது. நிஜ பெஞ்ச், தேக்கு. கவிஞர்கள் காத்திருப்பதற்கு. அதில் இடது ஓரமாக ஓர் ஆணி மூன்று வருடமாகத் தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. போன மாதம் ஒரு கவிஞரின் வேட்டியைப் பதம் பார்த்துவிட்டது. மறுநாள் அவரே சுத்தியலோடு வந்து, நாலு தட்டு தட்டி, ஆணியை உள்ளே அனுப்பிவிட்டு, அதே இடத்தில் உட்கார்ந்தார்.

கவிதை பரிசீலனையில் இருக்கிறது.