புகை படிந்த சுவரைக் கழுவ உண்மையில் எவ்வளவு ஆகிறது?

கேள்வி: காற்று மாசால் கறுத்துப்போகும் கட்டடங்களைச் சுத்தம் செய்ய ஆகும் செலவைக் கணக்கிட முடியுமா? அது அவ்வளவு பெரிய தொகையா?

முடியும். ஆனால் கழுவிய கூலியை மட்டும் எடுத்துக்கொண்டால் தொகை மிகக் குறைவாகத்தான் தெரியும்.

சாலையை ஒட்டிய ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் பராமரிப்பைச் சில ஆண்டுகள் கவனித்துக்கொண்டேன். முதல்முறை வெளிச்சுவரைக் கழுவக் கணக்குப் போட்டபோது, தண்ணீர், சோப்பு, ஆட்கூலி எல்லாம் சேர்ந்ததைவிடச் சாரம் கட்டவே அதிகம் ஆனது. அன்றிலிருந்து நான் பார்ப்பது ஒன்றைத்தான்: எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை சாரம் ஏற வேண்டியிருக்கிறது? எங்கள் கட்டடத்தின் பின்சுவருக்கும் முன்சுவருக்கும் ஒரே நாளில் ஒரே பெயின்ட் அடித்திருந்தோம். பின்பக்கம் நன்றாகவே இருந்தது. சாலையைப் பார்த்த பக்கம் பாதிக் காலத்திலேயே கறுத்துவிட்டது. குறிப்பாக சன்ஷேடுக்கு அடியில், மழை படாத இடங்களில். இந்தக் கால வித்தியாசம்தான் மாசின் செலவு. பத்து ஆண்டு வேலை ஐந்து ஆண்டில் வந்தால் செலவு இரட்டிப்பு.

அப்புறம், தவறாகக் கழுவுவதன் செலவு. சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் ஒருவர் ஆசிட் அடித்தார். சுவர் அன்றைக்குப் பளிச்சென்று இருந்தது. ஆனால் பூச்சின் மேற்பரப்பு சொரசொரப்பாகி, அடுத்த முறை அழுக்கு இன்னும் வேகமாகப் பிடித்தது. எனக்கு இன்றுவரை வருத்தம் தரும் விஷயம் அது.

கல் கட்டடங்களில் இது இன்னும் மோசம். சுண்ணாம்புக் கல், பளிங்கு ஆகியவற்றில் உள்ள கால்சியம் கார்பனேட், காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடும் ஈரமும் சேரும்போது ஜிப்சமாக மாறுகிறது. அது வளரும்போது புகைக்கரியையும் உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கறுப்பு ஏடு கல்லின் மேல் ஒட்டிய தூசி மட்டும் என்று நினைத்து மணலைப் பீய்ச்சித் தேய்த்தால், கல்லின் தோலும் கூடவே போய்விடும். செதுக்கிய முகம், பூவேலை எல்லாம் மழுங்கும். இதற்கு எந்த பில்லிலும் விலை கிடையாது. தாஜ் மகாலில் 1994 முதல் பலமுறை களிமண் பற்றுப் போட்டு, உலரவிட்டு, நீரால் கழுவுவது இதனால்தான். மெதுவான வேலை, ஆனால் பளிங்கைச் சுரண்டுவதில்லை.

நாட்டளவில் கணக்கிட்டுப் பார்த்தவர்களும் உண்டு. 1952 லண்டன் புகைமூட்டத்துக்குப் பிறகு பிரிட்டனில் அமைக்கப்பட்ட பீவர் குழு, காற்று மாசால் ஆண்டுக்குச் சுமார் 25 கோடி பவுண்டு இழப்பு என்று 1954இல் மதிப்பிட்டது. துணி வெளுப்பது, கட்டடம் கழுவுவது, பெயின்ட், துருப்பிடித்தல் எல்லாம் அதில் அடக்கம். 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது.

இருந்தாலும் கழுவாமல் விட்ட கட்டடம் செலவுக் கணக்கில் பூஜ்யமாகத்தான் நிற்கும். பிரிட்டன் பிரதமரின் இல்லமான லண்டன் டவுனிங் தெரு 10ஆம் எண் வீட்டை 1960களில் புதுப்பித்தபோது, அதன் செங்கல் உண்மையில் மஞ்சள் என்று தெரியவந்தது. புகைதான் அதைக் கறுப்பாக்கியிருந்தது. எல்லோருக்கும் பழகிய தோற்றம் என்பதால், கழுவிய பிறகு கறுப்பு வண்ணமே பூசினார்கள். கண் அந்த அளவுக்குப் பழகிவிடுகிறது.

சரி, உங்கள் கட்டடத்துக்குக் கணக்குப் போடுவதானால், கறுப்பெல்லாம் புகை என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஈரச் சுவரில் பாசியும் பூஞ்சையும் அதே நிறத்தில் படியும். பெயின்ட் அடித்த சுவரில், ஒரு மூலையில் நீர்த்த ப்ளீச் தொட்டு வையுங்கள். பாசியும் பூஞ்சையும் வெளுக்கும், புகைக்கரி அப்படியே இருக்கும். அந்த இடத்தில் ஆசிட் மட்டும் படவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் விஷவாயு வரும்.